ஜென்ஸ் சோரிங் வழக்கு: இரண்டு ஆவணப்படங்களில் எதைப் பார்ப்பது?

1985 மார்ச் இறுதியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டெரெக், நான்சி ஹேசம் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார்கள். சிக்கியது மகள் எலிசபெத்தும், அவருடைய காதலரான ஜெர்மன் தூதரக அதிகாரியின் மகன் ஜென்ஸ் சோரிங்கும். இருவருமே கல்லூரி மாணவர்கள்.

2016-இல் வந்த ஜெர்மன் படம் 'தி பிராமிஸ்'. சிறையில் எடுத்த சோரிங்கின் பேட்டி, அன்றைய நீதிமன்றக் காட்சிகள், அப்புறம் இருவரும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்கள், அதை நடிகர்கள் வாசிக்கக் கேட்கும்போது அந்த வயதின் வெறி அப்படியே புரிகிறது. ஆனால் படம் சோரிங் நிரபராதி என்ற பக்கமே சாய்கிறது, அது எனக்கு உறுத்தியது. காதலியை மரண தண்டனையிலிருந்து காப்பாற்றத்தான் பொய்யாக ஒப்புக்கொண்டேன் என்கிறார் அவர். சரி, ஆனால் லண்டனில் விசாரித்த காவலர்களிடம் அவ்வளவு விவரமாகச் சொன்னது எப்படி என்ற கேள்வியைப் படம் போதுமான அளவு துருவவில்லை.

நெட்ஃபிளிக்ஸின் 2023 தொடர் நான்கு பகுதிகள். 2019-இல் இருவருக்கும் பரோல் கிடைத்து, அவர்கள் நாடுகடத்தப்பட்ட பிறகு எடுத்தது, சோரிங் சொல்வதைச் சந்தேகப்படுபவர்களுக்கும் இடம் கொடுக்கிறது. கொஞ்சம் இழுவைதான்.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் தொடரையே பாருங்கள். கடிதங்களுக்காக மட்டும் 'தி பிராமிஸ்' பக்கம் போகலாம். இரண்டிலுமே கொல்லப்பட்ட அந்த இருவரைப் பற்றித் தெரிந்துகொள்வது மிகக் குறைவு, அது நியாயமே இல்லை.