'கெமிக்கல் வாஷ்'னு ₹6,500 வாங்கிட்டு லேப்டாப்பைத் தொறந்துகூடப் பார்க்கலை

இப்பதான் இன்னொரு கடையிலேருந்து வந்தேன். வயிறு எரியுது. வேற யாரும் ஏமாறக் கூடாதுன்னு சூட்டோட சூடா எழுதறேன்.

லேப்டாப் மேல ரசம் கொட்டிடுச்சு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. வீட்டிலேருந்து வேலை பார்க்கிறவங்க மேஜையில சாப்பாட்டுத் தட்டும் இருக்கும்தானே. உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணி, கவுத்துப் போட்டு ஒத்தி எடுத்தேன். மாமியார் அரிசி டப்பாவுல வைக்கச் சொன்னாங்க. ஈரமான போனை அரிசியில போடாதீங்கன்னு ஆப்பிள் கம்பெனியே சொல்லியிருக்கு, அதனால வைக்கலை. நேரா பஸ் ஸ்டாண்ட் பக்கம் லேப்டாப், மொபைல் ரெண்டும் பார்க்கிற ஒரு கடைக்கு ஓடினேன்.

கவுன்ட்டர்ல இருந்தவர் பேசினதைக் கேட்டா நீங்களும் நம்பியிருப்பீங்க. "ரசமாக்கா? வெறும் தண்ணின்னாகூடப் பரவாயில்லை. இதுல உப்பும் புளியும் இருக்கு. பேட்டரியைக் கழட்டாம விட்டா கரன்ட் ஓடி ஓடி போர்டையே அரிச்சிடும். இப்பவே கழட்டிடறேன், நீங்க நிம்மதியா போங்க." உள்ளே இருந்த, போர்டைக் கழுவற அல்ட்ராசானிக் மெஷினை வேற கை காட்டினார். தொழில் தெரிஞ்ச ஆள்னு மனசு லேசாயிடுச்சு. 'கெமிக்கல் வாஷ்', அதாவது போர்டைக் கெமிக்கல் போட்டுக் கழுவறதுக்குன்னு கேட்ட ₹6,500-ஐ அங்கேயே ஜிபே பண்ணேன்.

அதுக்கப்புறம் போன் பண்ணா "காயுதுக்கா". அடுத்து "டெக்னீஷியன் வீட்ல விசேஷம்". அப்புறம் "ஐசி சென்னையிலேருந்து வரணும்". வாட்ஸ்அப்ல நீல டிக் விழும், பதில் வராது. நேர்ல போனா வேற பையன் உக்காந்திருக்கான், "ஓனர் வந்தாதான் தெரியும்"கிறான். கடைசியில அதே ஆள், பணம் வாங்கறப்போ அக்கா, இப்போ மேடம்: "போர்டு டெட் மேடம். லிக்விட் டேமேஜுக்கு கேரண்டி கிடையாது, பில் பின்னாடி போட்டிருக்கு." அப்ப என் ₹6,500? "அது வாஷ் பண்ணதுக்கு."

இன்னைக்கு இன்னொரு கடையில ஒரு பெரியவர் என் கண் முன்னாடியே தொறந்தார். குப்புனு ரச வாசனை! போர்டு மேல மிளகுத் திப்பி காஞ்சு ஒட்டிக்கிடக்கு. பேட்டரி கனெக்டர் பச்சை பூத்து மாட்டின இடத்திலேயே இறுகிப் போயிருக்கு. "இதை யாரும் கழட்டவே இல்லைம்மா. அன்னைக்கே பேட்டரியை எடுத்துட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊத்தி பிரஷ்ஷால தேய்ச்சிருந்தா பொழைக்க வாய்ப்பு இருந்துச்சு"ன்னார். பார்த்ததுக்குக் காசு வாங்கலை.

தெரியாம கெடுத்திருந்தாகூட ஆறிடும். என்ன செய்யணும்னு எனக்கே பாடம் எடுத்துட்டு, அதைச் செய்யாம மூலையில போட்டு அரிக்க விட்டிருக்காங்க. போட்டோவைக் காட்டி ₹6,500-ஐத் திருப்பிக் கேட்டா, "நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மறுபடி கொட்டியிருப்பீங்க"ன்னு சொல்றாங்க. மறுபடி ரசமா!

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுத்திருக்கேன். அது ஓடறதால கடை பேரைப் போடலை.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் நினைச்சேன், இப்ப முடியலை. எந்தக் கடையா இருந்தாலும் உங்க முன்னாடியே பின் கவரைத் தொறந்து பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா வெளியே வந்துடுங்க. தொறந்ததும் போட்டோ எடுங்க, கழுவின பிறகும் எடுங்க. பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும். முழுப் பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க. வீட்ல ஹேர் டிரையர் போடாதீங்க, ஈரத்தை உள்ளே தள்ளிவிட்டுடும். 'காஞ்சிடுச்சா பார்ப்போம்'னு ஆன் பண்ணவே கூடாது.

எஸ்எஸ்டி தப்பிச்சிருக்கலாம்னு பெரியவர் சொல்றார். நாளைக்குக் கழட்டித் தர்றாராம். என் ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு.