வளவு வீட்டை வரையும் கணினி: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடியில் வீட்டு வரைபடங்கள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். புதிதாகக் கட்டும் வீடுகள் ஒரு பாதி என்றால், கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளை, அதாவது நடுவில் வளவு என்னும் திறந்த முற்றம் கொண்ட செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கான வரைபடங்கள் மறுபாதி. தளப்படத்துக்கு ஆட்டோகேட், முப்பரிமாண வடிவத்துக்கு ஸ்கெட்ச்அப், ஒளிப்படம் போன்ற காட்சிகளுக்குப் பிளெண்டர் என்று வைத்திருக்கிறேன். இந்த வேலைகளுக்காக 2023 பிப்ரவரியில் ஒரு கணினியைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தேன். இன்டெல் கோர் ஐ5-12400 பிராசசர், 12 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஆகியவை அதன் முக்கிய உறுப்புகள். மானிட்டரும் யூ.பி.எஸ்.ஸும் நீங்கலாக ரூ.70,000-ஐ ஒட்டிச் செலவானது. மூன்று ஆண்டுகள் ஆகப்போகும் நிலையில், எது சரியான முடிவு, எது தவறான முடிவு என்று இப்போது என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

வாங்குவதற்கு முன் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான். பழைய கணினியில் ஒரு வாரம், எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வேலையின்போது எந்த உறுப்பு திணறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன். அந்தக் கணினியில் நான்காம் தலைமுறை ஐ5 பிராசசரும் 8 ஜிபி ராமும் 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் இருந்தன. ஸ்கெட்ச்அப்பில் மாதிரியைத் திருப்பும்போது திரை உறைந்து நிற்கும். ஆனால் பிராசசர் பயன்பாடு 25 சதவீதத்தைத் தாண்டாது. பிராசசர் சும்மாதான் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அது நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட பிராசசர் என்பதும், 25 சதவீதம் என்றால் ஒரு கோர் முழுவதுமாக உழைக்க மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கின்றன என்பதும் பிறகுதான் உறைத்தது. ஸ்கெட்ச்அப்பில் வடிவம் அமைக்கும் வேலையும் ஆட்டோகேடின் பெரும்பகுதி வேலையும் ஒரே கோரை நம்பி நடப்பவை. ஆகவே அங்கே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே முக்கியம்.

"அண்ணே, ஐ9 போட்டுக்கங்க, பத்து வருசத்துக்குக் கவலையில்ல" என்று கடைக்காரத் தம்பி விலை கூடிய பிராசசர் ஒன்றைச் சொன்னபோது நான் மறுத்ததற்கு இந்த நோட்டுதான் காரணம். நான் வாங்கிய ஐ5-12400-இல் ஆறு கோர்கள்தாம் இருக்கின்றன. பிராசசரைக் கொண்டே மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவர்களுக்கு (மாதிரியை ஒளிப்படம் போன்ற காட்சியாக மாற்றுபவர்களுக்கு) அது போதாது. நான் ரெண்டர் வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்துவிடுவதால், இந்த மூன்றாண்டில் பிராசசர் என்னைக் காக்கவைத்த நேரம் மிகக் குறைவு. ஒரு முகப்புக் காட்சியைப் பிளெண்டரில் இரு வழிகளிலும் ரெண்டர் செய்து பார்த்தேன். பிராசசர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டதை கார்டு ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில் முடித்துவிட்டது.

கிராபிக்ஸ் கார்டுக்காக நான் நீண்ட காலம் காத்திருந்தேன். 2021-இல் சிப் தட்டுப்பாடும் கிரிப்டோ நாணயச் சுரங்க வேலையும் (கார்டுகளைக் கணக்கிடவிட்டு நாணயம் ஈட்டுவது) சேர்ந்து கார்டு விலையை எட்டாத உயரத்தில் வைத்திருந்தன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சுரங்க முறையைக் கைவிட்டதும், அந்த வேலையில் இரவும் பகலும் உழைத்துத் தேய்ந்த கார்டுகள் பழைய பொருளாகக் குவிந்தன. மலிவாகக் கிடைத்தபோதும் அவற்றை நான் தொடவில்லை. புதிய கார்டுகளில் ஏறத்தாழ என் கைக்கு எட்டிய விலையில் இரண்டு இருந்தன: வேகம் கூடிய 3060 டிஐ, ஆனால் 8 ஜிபி நினைவகம், வேகம் குறைந்த சாதாரண 3060, ஆனால் 12 ஜிபி நினைவகம். விளையாட்டுக்கு வாங்குபவர் முன்னதைத்தான் எடுப்பார். நான் பின்னதை எடுத்ததற்கு எங்கள் ஊர் வீடுகளே காரணம்.

ஒரு செட்டிநாட்டு வீட்டின் உள்ளே எத்தனை மேற்பரப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முகப்புக்கு ஒரு கல், பட்டாலை என்னும் கூடத்துக்கு ஒரு வகை ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் வண்ணத் தரையோடு), அதன் ஓரத்துக்குக் கரைக்கல், வளவைச் சுற்றிக் கருங்கல், தூணுக்குப் பர்மாத் தேக்கு, சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்கு நாட்டு ஓடு என்று முப்பது பொருள்கள் எளிதில் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் படமெடுத்து 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட படமாக ஏற்றுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். வட்டில் அது ஐந்தாறு எம்பி கொண்ட சுருக்கப்பட்ட கோப்பாகத்தான் இருக்கும். கார்டின் நினைவகத்துக்குள் போகும்போதோ, சுருக்கம் பிரிந்து, ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 64 எம்பி ஆகிவிடும். நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, வழவழப்புக்கு ஒன்று என்று மூன்று படங்கள் வைத்தால் ஒரு பொருளுக்கு 192 எம்பி. முப்பது பொருளுக்கு 5,760 எம்பி. தூண், கதவு, ஓடு எதுவும் உள்ளே வருவதற்கு முன்பே 8 ஜிபி கார்டில் ஏறத்தாழ 70 சதவீதம் நிறைந்துவிடுகிறது. நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு ரெண்டர் பாதியில் நின்ற அனுபவம் பழைய கார்டில் எனக்கு நிறையவே உண்டு. இந்தக் கார்டில் மூன்றாண்டில் இரண்டு முறைதான் நேர்ந்தது.

அந்த இரண்டு முறையும் குற்றம் என்னுடையது. தூரத்தில் தெரியும் கல்லுக்கும் பெரிய படத்தையே வைத்திருந்தேன். 2048 புள்ளிக்குக் குறைத்தால் 64 எம்பி 16 எம்பி ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கூரை ஓட்டிலும் இதே கதைதான். ஓர் ஓட்டுக்கு 24 முகங்கள் (தட்டைப் பரப்புகள்) என்று வைத்து 20,000 ஓடுகளை அடுக்கினால் 4,80,000 முகங்கள். எந்தக் கணினியிலும் ஸ்கெட்ச்அப் தள்ளாடத்தான் செய்யும். இப்போது இறவாரத்து ஓட்டு வரிசையை மட்டும் வடிவமாக வைத்துவிட்டு, மேலே உள்ளதைப் படமாக ஒட்டிவிடுகிறேன். இந்தப் பழக்கம் வந்த பிறகு, கார்டை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

வன்பொருளால் திருத்த முடியாத பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சித்திரை மாத உச்சிவேளைக் காட்சி ஒன்றை மிகுந்த பெருமையுடன் வீட்டுக்கார ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த அவர், "தம்பி, நம்ம வளவுல உச்சி வெயில் இப்படிச் சாஞ்சு விழுகாதேப்பா" என்றார். இடத்தை நாம் குறிப்பிடாவிட்டால் ஸ்கெட்ச்அப் அமெரிக்காவின் போல்டர் நகரத்தையே எடுத்துக்கொள்ளும். அது நிலநடுக்கோட்டிலிருந்து 40 பாகை வடக்கில் இருக்கிறது. காரைக்குடியோ 10 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். எழுபது ஆண்டுகளாக அந்த வளவில் வற்றல் காயவைத்தவரின் கண்ணை எந்தக் கார்டாலும் ஏமாற்ற முடியாது.

இனி என் தவறுகள். மதர்போர்டில் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்து, ராமுக்கு இரண்டே இடங்கள் கொண்ட எச்610 வகையை வாங்கினேன். அதில் இரண்டு 8 ஜிபி துண்டுகளைப் போட்டேன். ஸ்கெட்ச்அப், பிளெண்டர், நூறு ஒளிப்படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது 16 ஜிபி போதவில்லை. 2024-இல் 32 ஜிபிக்கு மாறியபோது கூடுதலாகச் செருக இடமில்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு துண்டுகளையும் கழற்றிப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. நான்கு இடங்கள் கொண்ட போர்டு வாங்கியிருந்தால் இந்த நட்டம் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, உறுப்புகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில். கேபினெட்டோடு சேர்த்துக் கடையில் கொடுத்த, 450 வாட் என்று ஒட்டுச்சீட்டு போட்டிருந்த பெயர் தெரியாத ஒன்றை அப்படியே ஏற்றுக்கொண்டேன். கணக்குப்படி அது போதுமானது. கார்டுக்கு 170 வாட், பிராசசர் முழு மூச்சில் ஓடும்போது 120 வாட்டுக்குள். ஆனால் ஒட்டுச்சீட்டில் இருந்த வாட் உள்ளே இல்லை. ரெண்டர் நடக்கும்போது கணினி திடீர் திடீரென்று அணைந்து எழும்; நான் மென்பொருளைச் சந்தேகித்து விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன். ஏழாவது மாதத்தில் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் குற்றவாளி யார் என்று தெரிந்தது. வேறு எதுவும் எரியாமல் போனது என் அதிருஷ்டம். பிறகு மின்திறனுக்கான 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலத் தரம்) சான்று பெற்ற 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கினேன், அதன்பின் ஒரு முறைகூட அப்படி அணைந்ததில்லை.

மின்சாரம் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் அலுவலகம் வளவை ஒட்டிய ஒரு பழைய அறையில் இருக்கிறது. கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் இருப்பதால் கோடையிலும் கார்டின் வெப்பம் 70 பாகை செல்சியஸைத் தாண்டுவதில்லை. இதே கணினி ஒரு மாதம் மாடியறையில் இருந்தபோது 80-ஐத் தொட்டது. ஆனால் அந்தப் பழைய அறையின் மரச்சட்ட வயரிங்கில் எர்த் கம்பியே கிடையாது. கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனியில் விர்ரென்று இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரைச்சலை வடிகட்டும் கண்டென்சர்கள் எர்த் இல்லாதபோது கேபினெட்டை மின்னழுத்தத்தில் மிதக்கவிடுவதே அதற்குக் காரணம் என்று எலக்ட்ரீஷியன் விளக்கினார். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டு எர்த் எடுத்த பிறகே அது நின்றது. பழைய வீட்டில் கணினி வைப்பவர்கள் கார்டைப் பற்றி யோசிக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

யூ.பி.எஸ்.ஸிலும் முதலில் 600 விஏ வாங்கி ஏமாந்தேன். 600 விஏ என்றால் 600 வாட் அல்ல, அந்த யூ.பி.எஸ்.ஸில் 360 வாட்தான். ரெண்டரின்போது மானிட்டரையும் சேர்த்து 300 வாட் இழுக்கும் கணினியை அது இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இப்போது 1 கேவிஏ (1,000 விஏ) வைத்திருக்கிறேன். மின்சாரம் போனால் கோப்பைச் சேமித்து அணைக்கப் போதுமான நேரம் கிடைக்கிறது. ஐப்பசி மாத இடிமழைக்கு அதையும் நம்பாமல், பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

பழுதுபார்க்கும் வீடுகளுக்குப் போய்வரும் எங்களோடு சுண்ணாம்புத் தூசியும் உள்ளே வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேபினெட்டின் தூசி வலையைக் கழற்றி ஊதிவிடுகிறேன்.

மடிக்கணினி வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் மடிக்கணினியில் வரும் 3060-க்கு நினைவகம் 6 ஜிபிதான். பெயர் ஒன்று, சரக்கு வேறு. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் எப்படியும் கைபேசியில்தான் படத்தைப் பார்க்கிறார்கள் என்பதால், தூக்கிப் போய்க் காட்ட வேண்டிய தேவையும் எனக்குக் குறைவு. அந்தக் கைபேசித் திரைகளில் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு எந்த நிறமாகத் தெரியும் என்பது வேறு தலைவலி. என் பக்கத்தில் நிறத்தை ஓரளவு சரியாகக் காட்டும் 27 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர் இருந்தும், கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரிக் கல் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

பழைய கணினி வீணாகவில்லை. அது விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே லினக்ஸ் ஏற்றி, ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளைப் போட்டு உதவியாளரிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அறைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அடுக்கிக் காட்ட அந்த 8 ஜிபி ராமே போதுமாக இருக்கிறது. தன் வீட்டை மட்டும் வரைந்து பார்க்க விரும்புகிறவர் இதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை.

புதிய கணினியில் இப்போது எஸ்.எஸ்.டி. நிறைந்துவிட்டது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால் அதைத் தொடாமல், 1 டிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை மட்டும் இந்தத் தை மாதத்தில் சேர்க்கப்போகிறேன்.