மூன்றா, நான்கா, ஆறா? டி அண்ட் டி மேசைக்கு எத்தனை பேர் வேண்டும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டி, ஒரு சாகசக் கதையை ஆடும் மேசை ஆட்டம். அதை ஆடத் தொடங்குபவர்கள் எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்தப் பகடை நல்லது என்றெல்லாம் விசாரிப்பார்கள். எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ஆசைப்பட்டு வந்த எல்லோருக்கும் சரி சொல்லிவிடுவார்கள். நாலு வாரத்தில் ஆட்டம் நின்றுபோகும். அப்படி நின்றுபோன இரண்டு கேம்பைன்களுக்கு (வாரக்கணக்கில் நீளும் தொடர்கதை ஆட்டங்களுக்கு) நான்தான் டிஎம், அதாவது கதையைச் சொல்லி, எதிரிகளை ஆட்டி, ஆட்டத்தை நடத்துபவர். அதனால் இந்தக் கேள்வியில் எனக்கு அக்கறை அதிகம்.

ஒரே சண்டையை வைத்து அளந்து பார்க்கலாம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஸ்டார்ட்டர் செட்டில் முதல் மோதல் இது: பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. கிட்டே போனால் புதருக்குள் பதுங்கியிருந்த நான்கு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) தாக்குகின்றன. ஒரு கோப்ளினுக்கு ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, வெறும் 7. பார்த்தால் சின்னச் சண்டைதான்.

இப்போது, ஒரு சண்டை எவ்வளவு கடினம் என்று அளக்கும் அந்தப் பதிப்பின் கணக்குக்கு வருவோம். ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி), நான்குக்கு 200. கூட்டமாக வருவதால் இரண்டால் பெருக்கி, 400 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் லெவல் கேரக்டர் ஒருவருக்கு 50 வந்தால் நடுத்தரம், 75 கடினம், 100 உயிராபத்து. மூன்று பேர் குழுவுக்கு உயிராபத்துக் கோடு 300, ஆக இந்தச் சண்டை கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. நான்கு பேருக்குச் சரியாகக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ஐந்து பேருக்குக் கடினம், அவ்வளவுதான். ஆறு பேர் வந்துவிட்டால் விதியே பெருக்கலை ஒன்றரையாகக் குறைக்கச் சொல்கிறது. 300 வருகிறது, அதாவது நடுத்தரம். கோப்ளின்களின் எண்ணிக்கையைத் தொடவே இல்லை, ஆள் எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

காரணம் டர்ன்கள், அதாவது ஆளுக்கு வரும் முறைகள். எல்லோருக்கும் ஒரு முறை வந்துபோனால் ஒரு ரவுண்டு. மூன்று பேர் ஒரு ரவுண்டில் மூன்று முறை அடிப்பார்கள், நான்கு அடி வாங்குவார்கள். அதில் ஒருவர் விழுந்தால் பலம் மூன்றில் ஒரு பங்கு போகும். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் தன் டர்னைச் செலவழித்தால் மிச்சம் ஒரே ஆள். எங்கள் மூவர் மேசையில் கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி) விழுந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. ஹெச்பி பூஜ்யம் ஆனவர் ஒவ்வொரு டர்னிலும் டி20 என்ற இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10-உம் அதற்கு மேலும் வந்தால் தாக்குப்பிடித்த மாதிரி, மூன்று முறை தவறினால் கதை முடிந்தது. இரண்டு முறை தவறியிருந்தது. மூன்றாவது உருட்டலுக்கு மற்ற இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பகடை தண்ணீர் சொம்பில் மோதித் திரும்பி 11-இல் நின்றது. அந்த அமைதியை ஆறு பேர் மேசையில் நான் கண்டதே இல்லை.

இதுதான் மூவர் மேசையின் செல்வம். யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. வாய் திறக்கவே கூச்சப்படுபவரும் இரண்டாவது செஷனில் பேசிவிடுவார், ஏனென்றால் அடுத்த முறை எப்போதும் அவருடையதாகவே இருக்கிறது. எதிரிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது துணைக் கேரக்டர் ஒன்றைச் சேர்க்கலாம். 2019-இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட்டில் அதற்கென்றே விதிகள் இருக்கின்றன. ஒரே ஆளும் டிஎம்மும் ஆடுவதற்கும் அவை உதவும். ஆனால் இருவர் மட்டும் ஆடினால் டிஎம் மூச்சு விட நேரம் கிடைக்காது. எனக்கு இரண்டு மணி நேரத்திலேயே தொண்டை கட்டிவிடுகிறது.

ஆறுக்கு வருவோம். எங்கள் மேசையில் ஒருவர் டர்ன் முடிய இரண்டு நிமிடம் ஆகும். ஆறு பேருக்குப் பன்னிரண்டு. எதிரிகளையும் கூட்ட வேண்டியிருப்பதால் எனக்கு ஐந்து. ஆக, ஒருவர் தன் முறைக்குப் பதினைந்து நிமிடம் காத்திருக்கிறார். அதற்குள் விஸார்ட் (மந்திரவாதி) குறிவைத்திருந்த எதிரி செத்திருக்கும். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி, “என்ன ஆச்சு?” என்பார். நான் முதலிலிருந்து சொல்வேன். இன்னும் ஒரு நிமிடம் போகும். அவர்மேல் தப்பே இல்லை. பதினைந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னால் யாராக இருந்தாலும் போனைத்தான் எடுப்பார்கள்.

“கிரிட்டிக்கல் ரோலில் ஏழெட்டுப் பேர் ஆடுகிறார்களே” என்று கேட்பார்கள். 2015-இலிருந்து ஒளிபரப்பாகும் அந்த நிகழ்ச்சியில் ஆடுபவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். தன் முறை இல்லாதபோதும் காட்சிக்குள்ளேயே இருப்பது அவர்கள் தொழில். வேலை முடிந்து களைத்து வரும் நம் நண்பர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

1974-இல் வந்த டி அண்ட் டியின் முதல் பெட்டியோ, ஒரு கேம்பைனில் நான்கு பேரிலிருந்து ஐம்பது பேர்வரை ஆடலாம், நடத்துபவர் ஒருவருக்கு இருபது பேர்போல இருக்கட்டும் என்றது. அந்த ஐம்பது பேரும் ஒரே ராத்திரி ஒரே மேசையில் உட்காரவில்லை, வருவதும் போவதுமாக இருந்தார்கள். பெரிய குழுக்களில் ‘காலர்’ என்று ஒருவர் இருப்பார். மற்றவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்து அவரிடம் சொல்ல, அவர் மட்டும் டிஎம்மிடம் பேசுவார். உங்களிடம் ஆறு பேர் ஏற்கெனவே இருந்து யாரையும் கழற்றிவிட மனம் வரவில்லை என்றால் அந்தப் பழைய வழக்கம் இன்றும் கைகொடுக்கும். இல்லையென்றால் மூன்று மூன்றாகப் பிரித்து வாரம் மாற்றி வாரம் ஆடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மிச்சம் நான்கும் ஐந்தும். ஃபைட்டர் (சண்டைக்காரர்), கிளெரிக், ரோக் (திருட்டுக் கை தேர்ந்தவர்), விஸார்ட் என்று பழைய நாலு வேலையும் நாலு பேரில் அடங்கிவிடும் என்பது எல்லோரும் சொல்வது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. குகையில் பாதை இரண்டாகப் பிரிகிறது, எந்தப் பக்கம் போவது? ஐந்து பேர் இருந்தால் கை தூக்கச் சொல்வார்கள். மூன்றுக்கு இரண்டு, முடிந்தது. தோற்ற இருவரும் மௌனமாகப் பின்னால் நடப்பார்கள். நாலு பேர் இருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு நிற்கும். அப்போது பேசியே ஆக வேண்டும். ரோக் ஏன் இருட்டுப் பாதைக்குப் பயப்படுகிறான், கிளெரிக் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். எங்கள் மேசையில் நினைவில் நிற்கும் காட்சிகளில் பாதி அப்படி வந்தவை.

கால் ஆஃப் கதுல்லு போன்ற திகில் ஆட்டங்களுக்கு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டோ மூன்றோ போதும். கூட்டம் கூடினால் பயம் போய்விடும். டி அண்ட் டி என்றால் என் மேசைக்கு நாலு.

ஆனால் பட்டியலில் ஐந்து பேரை வைத்திருக்கிறேன். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் விசேஷம் என்று ஏதாவது வரும். மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று முதல் நாளே பேசிவிடுவோம். வராதவரின் கேரக்டர் குகை வாசலில் குதிரைகளுக்குக் காவல் நிற்கும். அடுத்த வாரம் அவர் வந்து உட்கார்ந்ததும், மற்றவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து நடந்ததையெல்லாம் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடமும் நான் வாயைத் திறப்பதில்லை.