லாங்மூரா, சிப்ஸா, டோத்தா: எதை நம்பிக் கலவைக் கணக்கில் இறங்குவது?

ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமமோ கிளர்வூட்டிய கரியோ, அதன் நுண்துளைகள் கார்பன் டை ஆக்சைடை எவ்வளவு கவர்கின்றன என்று அளந்து, புள்ளிகளை வரைபடத்தில் இட்டாயிற்று. அடுத்து, எந்த அழுத்தத்தில் எவ்வளவு வாயு கவரப்படும் என்று சொல்லும் லாங்மூர், சிப்ஸ், டோத் சமன்பாடுகளில் எதைப் பொருத்துவது? பிழை குறைந்ததை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுத்தம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது சமன்பாடு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

லாங்மூர் 1918இல் தந்த சமன்பாட்டில் எல்லாக் கவர்ச்சி இடங்களுக்கும் ஒரே ஆற்றல். ஓர் இடத்துக்கு ஒரு மூலக்கூறு. அக்கம்பக்க மூலக்கூறுகளுக்குள் உறவே இல்லை. உண்மையான ஜியோலைட் அப்படி இல்லை. சோடியம் அயனிகளை ஒட்டிய வலுவான இடங்கள் முதலில் நிரம்பும். நிரம்ப நிரம்ப வெளிப்படும் வெப்பம் குறையும். லாங்மூர் கணக்கில் அது மாறாமல் நிற்கும். இது பெரிய குறைதான். ஆனால் தாழ்ந்த அழுத்தத்தில் அது நேர்கோடாகி, கவரும் அளவு அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்னும் ஹென்றி விதிக்குப் பணிகிறது. இடங்களை வலுவானவை, வலுவற்றவை என இரண்டாகப் பிரித்த இருதள லாங்மூர் வெப்பச் சிக்கலையும் பெருமளவு தீர்த்துவிடும்.

சிப்ஸ் (1948) மூன்று மாறிலிகளோடு வருகிறது. அளந்த எல்லைக்குள் அருமையாகப் பொருந்தும். அதனால்தான் பலரும் அதில் மயங்குகிறார்கள். ஆனால் இடத்துக்கு இடம் ஆற்றல் மாறும் சீரற்ற பரப்புக்கு, அதில் அழுத்தத்தின் மேலுள்ள அடுக்குக்குறி ஒன்றுக்குக் கீழே போகும். அப்போது பூஜ்ஜிய அழுத்தத்தில் கோட்டின் சரிவு முடிவிலியாகிவிடும். வெப்ப இயக்கவியல் இதை ஏற்காது. டோத்துக்கும் மூன்றே மாறிலிகள், அதுவும் சீரற்ற பரப்பைக் கையாளும், ஹென்றி எல்லையையும் காக்கும். ஒற்றை வாயுவுக்கு என் தேர்வு டோத்தான்.

வாயுக் கலவைக்கு வந்தால்தான் இந்தத் தேர்வின் விலை தெரியும். பல வாயுக்களுக்கு நீட்டித்த லாங்மூர் கணக்குக்கு எளிது. ஆனால் எல்லா வாயுக்களுக்கும் ஒரே தெவிட்டு கொள்ளளவு (இடமெல்லாம் நிரம்பியபின் கவர்ந்திருக்கும் உச்ச அளவு) இருந்தால்தான் அது வெப்ப இயக்கவியலோடு இசையும். மையர்ஸும் பிராஸ்னிட்ஸும் 1965இல் தந்த இலட்சியக் கரைசல் கோட்பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு தூய வாயுவும் கலவையின் அதே பரவழுத்தத்தை (கவரப்பட்ட படலம் பரப்பில் பரவ முனையும் அழுத்தம்) எந்த வாயு அழுத்தத்தில் எட்டும் என்று அது கேட்கிறது.

அங்கேதான் ஒரு பொறி. புகைவாயுவில் 15% கார்பன் டை ஆக்சைடு, 85% நைட்ரஜன், மொத்த அழுத்தம் 1 பார் என்று கொள்வோம். கவரப்பட்ட நிலையில் நைட்ரஜன் 5% மட்டுமே என்றால், தூய நைட்ரஜனுக்கு வேண்டிய அழுத்தம், வாயுவில் அதன் பகுதியழுத்தமான 0.85ஐக் கவரப்பட்டதில் அதன் பங்கான 0.05ஆல் வகுத்தால் கிடைக்கும் 17 பார்! அளந்ததோ பெரும்பாலும் 1 பார் வரைதான். மிச்சமெல்லாம் சமன்பாட்டின் ஊகம். தொடக்கச் சரிவை அப்படியே வைத்து, நைட்ரஜனின் தெவிட்டு கொள்ளளவைக் குறைத்துப் பொருத்தினால், அதே பரவழுத்தத்துக்கு இன்னும் அதிக அழுத்தம் தேவைப்படும். காகிதத்தில் தேர்திறன், அதாவது நைட்ரஜனை விட்டுக் கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்து கவரும் திறன், உயர்ந்துவிடும். பொருள் மாறவில்லை, மாறியது நம் பொருத்தல்தான். ஆகவே நைட்ரஜனையாவது உயர் அழுத்தத்தில் அளந்துவிட வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

அயனிகளைச் சுற்றி ஒரு வாயு மட்டும் குவிந்துகொள்ளும் ஜியோலைட்டிலும், வாயு நுழைய நுழைய வடிவம் மாறும் உலோகக் கரிமக் கட்டமைப்புகளிலும் இலட்சியக் கரைசல் கோட்பாடும் தடுமாறும். அங்கே கலவையையே நேரடியாக அளக்க வேண்டும்.