மத சுதந்திர வழக்குகளைப் படிக்க இ-எஸ்.சி.ஆர்: எதற்கு உதவும், எங்கே கவனம் வேண்டும்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் அதிகாரபூர்வத் தொகுப்பு எஸ்.சி.ஆர். (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்). நூலகங்களிலும் வழக்கறிஞர் அலமாரிகளிலும் இருந்த அந்தத் தொகுதிகளை 2023 ஜனவரியில் நீதிமன்றமே ‘இ-எஸ்.சி.ஆர்.’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. மத சுதந்திரம் எதுவரை, அரசு எங்கே நுழையலாம் என்பதை யாரோ சொல்லிக் கேட்காமல் மூலத்திலேயே படிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தேடத் தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

முதலில் அரசமைப்புச் சட்டத்தின் 25, 26 ஆகிய இரண்டு கூறுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனிமனிதரின் உரிமையைச் சொல்லும் 25, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு மட்டுமல்ல, மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் கட்டுப்பட்டது. சமயப் பிரிவுகளின் உரிமையைச் சொல்லும் 26-இல் அந்தக் கடைசி நிபந்தனை இல்லை. பாதி வழக்குகள் இந்த வேறுபாட்டில்தான் சுழல்கின்றன. இதைக் கவனிக்காமல் தீர்ப்புக்குள் போனால் பத்தாவது பக்கத்திலேயே வழி தவறும்.

வழக்கின் வகை, ஆண்டு, நீதிபதி, தொகுதி, அமர்வின் அளவு (எத்தனை நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தது) என்று பல வழிகளில் தேடலாம். சொல் தேடலும் உண்டு. பழைய வழக்குகளுக்குச் சொல் தேடலை மட்டும் நம்ப வேண்டாம். அவை அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றியவை; ஓர் எழுத்து தவறாகப் பதிவாகியிருந்தாலும் வழக்கு சிக்காது. ஆண்டும் தொடக்கப் பக்கமும் கையில் இருந்தால் நேராகப் போய்விடலாம். சிரூர் மடம் வழக்கு 1954-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 1005-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. தீர்ப்புக்கு முன்னால் வரும் தலைக்குறிப்பு, அதாவது தொகுப்பாளர்கள் எழுதும் சுருக்கம், தீர்ப்பின் பகுதி அல்ல. அதைப் படித்துவிட்டு ‘நீதிமன்றம் இப்படிச் சொன்னது’ என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

தொடங்க வேண்டியது சிரூர் மடத்தில்தான். அப்போது சென்னை மாநிலத்தில் இருந்த உடுப்பியின் மடம், 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்த வழக்கு. ஏழு நீதிபதிகள் அமர்வு. தீர்ப்பை எழுதியவர் பி.கே. முகர்ஜி. ஒரு மதத்தில் எது இன்றியமையாதது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்கிறார். குறித்த வேளையில் நைவேத்தியம் வைப்பதற்குப் பணம் செலவாகிறது, ஆட்கள் வேண்டும் என்பதற்காக அது உலகியல் காரியம் ஆகிவிடாது. அறநிலைய ஆணையரும் அவர் அனுப்பும் ஆட்களும் மடத்தின் எந்த இடத்திலும் கட்டுப்பாடின்றி நுழையலாம் என்ற, அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதனால் விழுந்தது. அதே தீர்ப்பு சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு விட்டுவைத்தது. இரண்டு தரப்பும் இந்தத் தீர்ப்பைத் தமக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் வெட்டி எடுப்பதால், முழுவதையும் படிப்பது அவசியம்.

அடுத்து 1972-இன் சேஷம்மாள் வழக்கு. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருத்தம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். பூசை சமயச் செயல். பூசை செய்பவரை அறங்காவலர் நியமிப்பது உலகியல் செயல் என்பது அவர்கள் பிரித்த கோடு. ஆனால் ஆகமம் வகுத்த தகுதி அப்படியே நிற்கிறது. 2015-இல் அர்ச்சகர் நியமனம் பற்றிய ஆதிசைவ சிவாச்சாரியார்கள் வழக்கு வந்தபோது மறுபடி இந்த இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. சிரூர் மடத்தையும் சேஷம்மாளையும் அடுத்தடுத்துப் படித்தால், கோடு எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று நீங்களே அளந்துகொள்ளலாம். இந்தத் தளத்தின் பெரிய பயன் அதுதான்.

25-ம் 26-ம் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 1958-இன் வெங்கடரமண தேவரு வழக்கு. கௌட சாரஸ்வத பிராமணர்களின் கோயில் என்று ஏற்றுக்கொண்ட பிறகும், எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிடும் சட்டமே மேலோங்கும் என்றது நீதிமன்றம். அந்தப் பிரிவினருக்கே உரிய சில சடங்குகளை மட்டும் காத்தது. 2000-இல் சென்னைத் தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கு சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம்: பிறர் அமைதியைக் குலைத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரையான தடை தொடர்பான கேள்வி வந்தால் ஒலி மாசு விதிகளோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரே ஒரு தீர்ப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு எங்கள் பரிந்துரை 1986-இன் பிஜோ இமானுவேல் வழக்கு. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும், நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று கேரளக் குழந்தைகளைப் பள்ளி வெளியேற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி முதலில் கேட்டது, பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்பதை. கல்வித் துறைச் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. உரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். குழந்தைகளை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டார். எந்த மதக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, நம் விவாதங்களில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சில தீர்ப்புகள் தமிழிலும் உண்டு. பொருள் பிடிபட அவை போதும். ஆனால் மொழிபெயர்ப்பு வழக்காடிகள் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்ற குறிப்போடுதான் வருகின்றன. மனுவிலோ கட்டுரையிலோ மேற்கோள் காட்ட மூலத்தையே பாருங்கள்.

2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பை மட்டும் முதல் நாளே திறக்காதீர்கள். நானூறு பக்கத்தைத் தாண்டும்; ஐந்து நீதிபதிகள், நான்கு தீர்ப்புரைகள். எது பெரும்பான்மை, எது நீதிபதி இந்து மல்ஹோத்ராவின் மாறுபட்ட கருத்து என்று குறித்துக்கொண்டே படிக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் 2019 நவம்பர் 14 உத்தரவையும் தனியாகத் தேடி எடுங்கள். 25-க்கும் 26-க்கும் உள்ள உறவையே பெரிய அமர்வு ஆராயட்டும் என்று அதில் 3-க்கு 2 என்ற கணக்கில் அனுப்பினார்கள். ஒரு தீர்ப்பின் பிடிஎஃப் கையில் இருப்பதாலேயே அது இன்றைக்கும் கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கின் பெயரைப் போட்டு அடுத்த ஆண்டுகளிலும் ஒரு முறை தேடிவிடுங்கள்.