ஒரு ஜெப ஆலயத்தின் பண்டிகை ஆண்டு: விருந்தினராகச் செல்ல ஏற்ற நாள்கள்

யூத ஜெப ஆலயம் ஒன்று தன் சபையாருக்கும் வெளியாருக்குமாக ஆண்டு முழுவதும் நடத்தும் பண்டிகைகளில் பெரும்பாலானவற்றில் விருந்தினராகக் கலந்துகொண்ட பின்னர் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கும் பாவநிவாரண நாளான யோம் கிப்பூருக்கும் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்கள், இச்சபையின் உழைப்பில் மிகக் கடுமையான பகுதியை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதே என் கருத்து.

அவ்விரு பண்டிகைகளிலும் கூட்டம் அலைமோதுவதால் இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ரோஷ் ஹஷானாவில் ஷோஃபர் எனும் ஆட்டுக்கடாக் கொம்பு வழக்கப்படி 100 முறை ஒலிக்கிறது. நீண்ட ஒற்றை முழக்கம், மூன்றாக உடைந்த விம்மல், அடுக்கடுக்கான சிறு அதிர்வுகள் என மாறி மாறி வரும் ஒலிகளை, ஊதுபவரின் பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்க, அவர் மூச்சைப் பிடித்து ஊதும்போது குழந்தைகள்கூட அசையாமல் நிற்கிறார்கள். முதல் நாள் ஓய்வுநாளான சனிக்கிழமையில் அமைந்தால் அன்று கொம்பு ஊதப்படாது. அதற்கென்றே வருபவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது. யோம் கிப்பூரைப் பற்றி எனக்குக் குறை உண்டு. ஏறத்தாழ 25 மணி நேர உபவாசத்தினூடே ஐந்து வழிபாடுகள் நடக்க, எந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்று அறிவிப்பவர் யாரும் இல்லாததால், புதியவர் வெகுநேரம் புத்தகத்தை வெறுமனே புரட்டிக்கொண்டிருக்க நேர்கிறது.

யோம் கிப்பூருக்கு ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை தொடங்கியதும் சபையின் முகமே மாறிவிடுகிறது. முற்றத்தில் எழுப்பிய கூடாரத்தின் கூரை, வெட்டிய கிளைகளாலும் தழைகளாலும் வேயப்பட்டது. வெயிலைவிட நிழல் மிகுதியாக இருக்க வேண்டும், ஆயினும் விண்மீன்கள் தெரியும் அளவுக்கு இடைவெளி இருப்பது சிறப்பு என்பது மரபு. பேரீச்சை ஓலை, மிர்ட்டில், ஆற்றலரி ஆகியவற்றைக் கட்டி, எலுமிச்சை இனத்து எத்ரோக் பழத்தோடு சேர்த்துப் பிடித்து அசைக்கும் முறையை முதியவர் ஒருவர் எனக்குப் பொறுமையாகக் காட்டினார். பண்டிகைக் காலத்தின் முடிவில் வரும் சிம்ஹத் தோராவில், பேழையிலுள்ள தோராச் சுருள்களை (ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான மோசேயின் ஐந்து நூல்கள்) வெளியே எடுத்து, ஆடிப்பாடி ஏழு சுற்று வருகிறார்கள். மறுநாள் காலை உபாகமத்தின் கடைசி வரிகளை வாசித்து முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிகளைத் தொடங்குகிறார்கள். எபிரெயம் ஓர் எழுத்துகூடத் தெரியாதவரும் ஒட்டிக்கொள்ளக்கூடிய விழா இதுவே; ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

எட்டு நாள் ஹனுக்காவில் விளக்கேற்றலும் பாட்டும் இனிமைதான், ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பூரிம் அப்படியன்று. எஸ்தரின் சுருளைக் கடிதம்போல மடித்து வைத்து வாசிப்பவர் யூதர்களை அழிக்கச் சதி செய்த ‘ஆமான்’ என்பவனின் பெயரை உச்சரித்ததும், வேடமிட்ட குழந்தைகள் கிலுகிலுப்பைகளைச் சுழற்றித் தரையை மிதித்துக் கூச்சலிடுகிறார்கள். ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்க வேண்டும் என்பது விதியாதலால், இரைச்சல் அடங்கும்வரை அவர் கையை உயர்த்திக் காத்திருந்துதான் தொடர்கிறார். அந்தப் பொறுமைக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்காவின் முதல் இரவை வீடுகளுக்கு விட்டுவிட்டு, இஸ்ரேலுக்கு வெளியே கொண்டாடப்படும் இரண்டாம் இரவில் சபை பொது விருந்து நடத்துகிறது. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் வேகவைக்க வேண்டிய புளிப்பில்லாத மட்சா ரொட்டி, நான்கு கிண்ணத் திராட்சரசம், இளைய குழந்தை கேட்கும் நான்கு கேள்விகள் என எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், பண்டிகை நாளில் ஒலிபெருக்கி இல்லாததால் கடைசி மேசைகளில் எதுவும் கேட்பதில்லை. முன்வரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள்.

வாரங்களின் பண்டிகையான ஷாவுவோத்தில் விடிய விடிய நடக்கும் வேதபாடத்துக்குச் சிலரே வருகிறார்கள். அதனாலேயே அங்கு கேள்வி கேட்பதும் எளிது, சபையின் மதகுருவான ரபி நின்று பதில் சொல்வதும் எளிது. பண்டைய எருசலேமின் இரண்டு யூதத் தேவாலயங்களும் அழிந்ததற்காகத் துக்கம் காக்கும் திஷா பஆவ் இரவில், விளக்குகளைக் குறைத்து, தரையில் அமர்ந்து புலம்பல் நூலை வாசிக்கும்போது யாரும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்வதில்லை. இதை முன்கூட்டியே விருந்தினரிடம் சொல்லிவைத்தால் மனத்தாங்கல் ஏற்படாது.

தலையை மூடும் கிப்பா வாசலிலேயே கிடைக்கிறது. ஓய்வுநாளிலும் பெரிய பண்டிகைகளிலும் கைப்பேசியை எடுக்கக் கூடாது. பண்டிகைகள் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுவதால், நாள்காட்டியிலுள்ள தேதியை மட்டும் பார்த்துவிட்டு மறுநாள் இரவு வருபவருக்குப் பூரிம் வாசிப்பு கிடைக்காது.