வேலை மாறினால் பிஎஃப் பணத்தை எடுப்பதா, மாற்றுவதா?

கையில் காசு வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? என் முதல் வேலையில் மூன்று வருடம் சேர்ந்ததை அப்படியே எடுத்து பைக் கடனை அடைத்தேன். தொடர்ந்து 5 வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது.

புதிய கம்பெனிக் கணக்குக்கு மாற்றினால் வரி இல்லை, வட்டியும் தொடரும். பழைய சர்வீஸ் சேர்ந்துகொள்வதால், மாத ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 வருடக் கணக்கும் அறுபடாது. அவசரச் செலவு இல்லையென்றால் என் ஓட்டு இதற்கே.

ஒரே ஒரு தலைவலி, நம்மூர் இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால், அலுவலகப் பதிவில் பின்னால் என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம். பழைய இடத்தில் கடைசி நாளுக்கு முன்பே ஹெச்ஆரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.